சிறைக்காவலர்: சொல்லும் பொருளும்

திருஏடு வாசிப்பில் அய்யா சிங்காரத்தோப்பில் சிறையிருந்த பகுதி வரும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அய்யாவைக் காவல் காத்தவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? பெரியவர்கள் நாம் அரசனைப் பற்றிப் பேசுவோம், புலியைப் பற்றிப் பேசுவோம். வாசலில் நின்ற காவல்காரரைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் பிள்ளைகள் கேட்பதும் சரியான கேள்விதான். உலகத்தில் அரசர்கள் கொஞ்சம் பேர். சாவியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர். நம்மில் பலர் அந்த இடத்தில்தான் நிற்கிறோம். ஆகவே இந்த மாதப் பாடமாக 'சிறைக்காவலர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

சொல்லைப் பிரித்தால்

சிறை, காவலர் என்று இரண்டு சொல் இதில் சேர்ந்திருக்கிறது.

சிறை என்றால் இன்றைக்கு நமக்கு ஜெயில்தான் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழில் அந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு. ஓடுகிற நீரைத் தடுத்து நிறுத்தும் கரைக்குச் சிறை என்று பெயர். பறவையின் சிறகுக்கும் சிறை என்று பெயர். ஒரு பக்கம், ஓர் ஓரம் என்ற பொருளும் உண்டு. தடுப்பதும் சிறை, குஞ்சை மூடி வைக்கும் இறகும் சிறை. கரை இல்லாவிட்டால் குளத்தில் தண்ணீர் நிற்காது, இறகு இல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காது. எனவே அடைத்து வைப்பது மட்டுமே அந்தச் சொல்லின் முழுப் பொருள் அல்ல.

காவலர் என்பது 'கா' என்ற சின்ன எழுத்திலிருந்து பிறந்தது. கா என்றால் காப்பாற்று. காப்பு, காவல், காப்பாளர், காவலாளி எல்லாம் அதன் பிள்ளைகள். அரசனைக் காவலன் என்று பழம்பாடல்கள் சொல்வது குடிகளைக் காப்பதால்தான். ஊர் எல்லையில் இருப்பது காவல் தெய்வம். வயலுக்குப் போடுவது காவல். கா என்றால் சோலை என்றும் ஒரு பொருள் உண்டு. சோலை என்ற பொருளைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தென்மாவட்டங்களில் முற்காலத்தில் ஊர்க்காவல் முறை இருந்தது. காவல்காரருக்கு ஊர் மக்கள் தானியமாகவும் பணமாகவும் கூலி கொடுப்பார்கள். ஊரில் ஒரு பொருள் களவு போய், அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாவிட்டால், காவல்காரர் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். காவல் என்ற சொல்லுக்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது. தன்னிடம் ஒப்படைத்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான் காவலர். கதவைப் பூட்ட யாராலும் முடியும். உள்ளே இருப்பதற்குப் பதில் சொல்பவர் மட்டுமே அந்தப் பெயருக்கு உரியவர்.

பத்திரிகையில் தினமும் வாசிக்கிறோம்: இன்னாரை 15 நாள் நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவு. அந்த ஆள் சிறைக்குப் போகிறார், ஆனால் சொல் காவல். அதாவது அவர் இப்போது நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறார். அவர் உடம்புக்கும் உயிருக்கும் நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தின் சார்பில் அந்தப் பொறுப்பைக் கையில் வாங்குபவர் சிறைக்காவலர்.

இரண்டு கோட்டங்கள்

பழைய நூல்களில் சிறைக்கு 'கோட்டம்' என்று பெயர். மதில் வளைந்து சூழ்ந்த இடம் கோட்டம். கோயிலுக்கும் அதே பெயர் உண்டு. மதிலைப் பார்த்து மட்டும் அது சிறையா கோயிலா என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தமிழில் இதற்கு இரண்டு கதை இருக்கிறது.

முதல் கதை புறநானூற்றில் 74-ஆம் பாட்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்று, குடவாயில் கோட்டத்தில் சிறைப்பட்டான். ஒரு நாள் தாகம் எடுத்துத் தண்ணீர் கேட்டான். கேட்டபோது தரவில்லை. காக்க வைத்துப் பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் அதைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை. தன் மனவேதனையைப் பாட்டாகச் சொல்லி உயிரை விட்டான். அந்தக் காவலர்கள் அவனை அடிக்கவில்லை, சங்கிலியை இறுக்கவில்லை. ஒரு செம்பு தண்ணீரைத் தாமதித்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் தாமதித்த தண்ணீர் மட்டும் இன்றுவரை பேசப்படுகிறது.

இரண்டாம் கதை மணிமேகலையில். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்துக்குள் மணிமேகலை அமுதசுரபியோடு போகிறாள். பசியால் வாடிக் கிடந்தவர்களுக்கெல்லாம் அந்த ஒரே பாத்திரத்திலிருந்து சோறு போடுகிறாள். அங்கே நின்ற சிறைக்காவலரை அந்த நூல் 'கோட்டம் காவலர்' என்று அழைக்கிறது. நம் பாடத்துக்குரிய சொல் இதுதான். அவர்கள் அவளைத் தடுத்து விரட்டியிருக்கலாம், கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், இந்த நல்ல செய்தியை அரசனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓடினார்கள். அரசன் மாவண்கிள்ளி அவளை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தர வேண்டும் என்று அவள் கேட்டாள், அவனும் மாற்றினான். அந்தக் காதைக்கே அதுதான் பெயர்.

இரண்டு கோட்டத்திலும் காவலர் இருந்தார்கள், மதில் இருந்தது, பூட்டு இருந்தது. ஒரு கோட்டத்தில் தண்ணீர் தாமதமானது, ஒரு உயிர் போனது. இன்னொரு கோட்டத்தில் காவலர் வாய் திறந்து நல்லதைச் சொன்னார்கள், சிறையே தர்மசாலை ஆனது. அரசனின் ஆணை பெரியதுதான். ஆனாலும் வாசலில் நிற்பவர் கையில் கொஞ்சம் இடம் இருக்கவே இருக்கிறது.

நம் அகிலத்திரட்டு அம்மானை முந்தைய யுகங்களின் கதையையும் சொல்வதால் இன்னொரு காவலையும் நினைக்கலாம். சீதையம்மையை அசோகவனத்தில் அரக்கியர் காவல் காத்தார்கள். அவர்களில் ஒருத்தி திரிசடை. மற்றவர்கள் மிரட்டினார்கள், அவள் ஆறுதல் சொன்னாள். எல்லாருக்கும் ஒரே உத்தியோகம், ஒரே எஜமான். திரிசடையின் பெயர் மட்டும் நல்ல பெயராக நிலைத்தது.

கிறிஸ்தவ சகோதரர்கள் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தில் சிறைக்காவலருக்கு 'சிறைச்சாலைக்காரன்' என்று சொல். பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் அடைபட்டிருந்த இரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைச்சாலைக்காரன் தன்னையே மாய்த்துக்கொள்ள வாளை உருவினான். நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பவுல் சத்தம் போட்டுத் தடுத்தார். அன்று இரவே அவன் அவர்களின் காயங்களைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டான். கைதியின் உயிர் காவலன் கையில் இருக்கிறது என்று நினைக்கிறோம். அந்த இரவில் காவலனின் உயிர் கைதியின் கையில் இருந்தது.

ஜெயிலர், வார்டர், சிறை அலுவலர்

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜெயில், ஜெயிலர், வார்டர் என்ற சொற்கள் வந்தன. ஜெயில் என்ற சொல்லின் வேர் லத்தீனில் கூண்டு என்ற பொருளுள்ள சொல். ஆக ஜெயிலர் என்றால் கூண்டுக்காரர். வார்டர், வார்டன் இரண்டும் காவல் காத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்திலும் கூண்டு ஒரு பக்கம், காவல் ஒரு பக்கம் என்று இரண்டு வழி இருக்கிறது பாருங்கள். 2023-ல் ரஜினிகாந்த் நடித்த படம் வந்த பிறகு ஜெயிலர் என்ற சொல் சின்னப் பிள்ளைகள் வாயிலும் புழங்குகிறது.

அரசாங்கத் தமிழில் ஜெயிலரைச் சிறை அலுவலர் என்று எழுதுகிறார்கள். அவருக்கு மேலே சிறைக் கண்காணிப்பாளர். வார்டருக்குச் சிறைக் காவலர் என்று பெயர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் போலீஸ், தீயணைப்பு வேலைகளோடு சேர்த்து 'இரண்டாம் நிலைச் சிறைக் காவலர்' வேலைக்கும் தேர்வு நடத்துகிறது. அந்த விண்ணப்பத்தை எழுதும் நம் பிள்ளைகள், தாங்கள் எந்தச் சொல்லுக்குள் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். துறைக்கும் இப்போது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்று பெயர்.

காவலருக்கும் பூட்டு உண்டு

1894-ல் வந்த சிறைச் சட்டத்தில் ஜெயிலருக்கு விதித்த விதிகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கண்காணிப்பாளர் எழுத்தில் அனுமதி தந்தால் ஒழிய ஜெயிலர் சிறைக்குள்தான் குடியிருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஓர் இரவுகூட வெளியே தங்கக் கூடாது. சிறை அதிகாரி எவரும் கைதிக்கு எந்தப் பொருளையும் விற்கக் கூடாது, கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. கைதி இறந்தால் உடனே மேலே தெரிவிக்க வேண்டும். ஒருவரைப் பூட்டி வைப்பவர் தானும் அந்த மதிலுக்குள் இருக்க வேண்டும், பூட்டியதால் காசு பார்க்கக் கூடாது, உயிருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

சட்டம் இருந்தும் கொடுமை நடந்தது. நமக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோயம்புத்தூர் சிறையில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை செக்கு இழுத்தார். 1908-ல் தண்டனை பெற்று 1912-ல் விடுதலை ஆனவர் அவர். தன் சுயசரிதையைப் பாட்டாகவே எழுதினார். சிறை அதிகாரிகளும் அதில் வருகிறார்கள். காவலர்கள் மறந்துவிடலாம், கைதி மறப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு தில்லி திகார் சிறையில் சுனில் பத்ரா என்ற தூக்குத்தண்டனைக் கைதி, இன்னொரு கைதியை ஒரு வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து விசாரித்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைக்குள் போவதால் ஒரு மனிதன் மனிதனாக இருப்பதை இழந்துவிடுவதில்லை என்று நிலைநாட்டியது. தன் கழுத்துக்குக் கயிறு காத்திருக்கும்போது அந்த மனிதர் பக்கத்து அறைக்காரருக்காக எழுதினார். அங்கே காவலர் வேலையைச் செய்தவர் கைதிதான்.

சிங்காரத்தோப்பில்

இனி பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம்.

திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அரசாண்ட காலம். பூவண்டன்தோப்பில், அதாவது இன்றைய சாமிதோப்பில், அய்யாவிடம் பல சாதி மக்களும் ஒன்றாகக் கூடினார்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், ஒன்றாக உண்டார்கள். அது அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். 110 நாள் அய்யா அங்கே இருந்தார்.

கா என்றால் சோலை என்று மேலே சொன்னோம். அசோகவனம் ஒரு சோலை, சிங்காரத்தோப்பு ஒரு தோப்பு. பேர் அழகாக இருக்கும் இடத்திலும் சிறை வைக்கலாம். மரமும் நிழலும் பூவும் இருந்தாலும், போக வேண்டியவர் போக முடியாவிட்டால் அது சிறைதான்.

அங்கே அய்யா பட்ட சோதனைகளை நாம் ஏட்டில் வாசிக்கிறோம். பசித்த புலியின் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள், புலி அடங்கிப்போனது. ஒரே சாதிக்காரரோடு மட்டும் இருந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள், அய்யா இசையவில்லை. அய்யாவுக்குப் பின்னால் போன மக்கள் கொதித்தபோதும், பொறுத்திருங்கள் என்றே சொன்னார். கடைசியில் விட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் மாசி 20-க்கு முன்னால், திருச்செந்தூரிலிருந்து ஓர் ஊர்வலமும் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஊர்வலமும் நாகர்கோவிலில் வந்து சேர்வது எதற்கு? ஒன்று அய்யா அவதரித்து வந்த வழி, மற்றது சிறை மீண்டு வந்த வழி. பிறந்தநாள் ஊர்வலத்தில் பாதி, சிறை வாசலிலிருந்து புறப்படுகிறது. நாம் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

அங்கே நின்ற காவலர்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். அய்யா அவர்களை வெறுக்கச் சொல்லவில்லை. கலியை வெல்ல வந்தவர், கலிக்குக் கூலிவேலை பார்த்தவனைப் பகையாளியாக எண்ணவில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் பதில் இது: காவலர் நல்லவரா கெட்டவரா என்பது அவர் உடுப்பில் இல்லை. கீழே கிடப்பவரைக் காப்பதுதான் தர்மம் என்று அய்யா உபதேசித்தாரே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரைவிடக் கீழே கிடப்பவர் யார்? அவருக்கு மிக அருகில் நிற்பவர் காவலர். தர்மம் செய்ய முதல் வாய்ப்பு அவருக்குத்தான்.

நம்ம ஊர் விடுதிகளில்

அவிநாசி, திருப்பூர், பெருமாநல்லூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் தூரத்துக் கதை அல்ல. நம் வட்டாரத்தில் நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் விடுதி வைத்து நடக்கின்றன. முன்பு தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள், இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளும் வருகிறார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர்பெற்ற முறையில் மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று கூட்டி வந்து, நினைத்தபோது வெளியே போக முடியாமல் வைத்திருந்த கதை ஊரறிந்தது. அந்த விடுதிகளில் சாவி வைத்திருப்பவரை வார்டன் அம்மா என்பார்கள். அரசு விடுதியில் அதே வேலைக்குக் காப்பாளர் என்று தமிழ்ப் பெயர். காப்பு, கா, அதே வேர்.

நம் தாங்கலுக்கு வரும் அம்மா ஒருவர் ஒரு மில் விடுதியில் அந்த வேலை பார்ப்பவர். ஓர் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும் கேட்டார். "அண்ணே, ஒரு பிள்ளைக்கு ஊர்ல அம்மாவுக்கு ரொம்ப முடியலை. மூணு வருஷம் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு, இப்பப் போனா மொத்தப் பணம் கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கேட்டைத் திறக்காதேங்கிறாங்க. ராத்திரி சாவியை இடுப்புல சொருகும்போது நான் யாருன்னே எனக்குத் தெரியலை."

இதற்கு விடை சொல்ல நீட்டி முழக்க வேண்டியதில்லை. சிறைக்காவலர் கையில் நீதிமன்றத்தின் வாரண்ட் இருக்கிறது, எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது. மில் கேட்டில் நிற்பவர் கையில் அப்படி ஒன்றும் இல்லை. வாரண்ட் இல்லாமல் ஒருவரைப் போகவிடாமல் அடைத்து வைப்பது 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலேயே குற்றம், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கென்றே 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்து, உரிமம் பெற்றுத்தான் நடத்த வேண்டும் என்று ஆகியிருக்கிறது. உதவி வேண்டிய பெண்கள் 181 என்ற எண்ணிலும், பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காக 1098 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

அந்த அம்மா அன்று சாயங்காலமே பிள்ளையின் தகப்பனாருக்குப் போன் போட்டார். பதிவேட்டில் பிள்ளை ஊருக்குப் போகும் காரணத்தை எழுதி, அனுப்பியது நான் என்று தன் கையெழுத்தைப் போட்டார். பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். அந்தப் பிள்ளை தன் தாயை உயிரோடு பார்த்தாள். சொன்ன மொத்தப் பணத்தில் பாதிதான் பிறகு கைக்கு வந்தது. அம்மாவுக்கு வேலை போகவில்லை, ஆனால் பல மாதம் பேச்சு வாங்கினார். கதை முழுக்க நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் காப்பாளர் என்ற பெயருக்கு உரியவர் ஆனார்.

பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தானே பூட்டுகிறோம் என்பவர்களுக்குத் திருவள்ளுவரே 57-ஆம் குறளில் பதில் வைத்திருக்கிறார். சிறை, காப்பு இரண்டு சொல்லையும் ஒன்றாக வைத்து, அடைத்துக் காக்கும் காவலால் என்ன பயன் என்று கேட்கிறார். அவர்கள் தம் மனத்தால் தம்மைக் காப்பதே தலையானது என்கிறார். பூட்டு வெளியாள் உள்ளே வராமல் இருக்கப் போட்டால் காவல். உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் இருக்கப் போட்டால் சிறை. ஒரே பூட்டுத்தான். சாவி யாருக்காகத் திரும்புகிறது என்பதுதான் வேறுபாடு.

மனதில் வைக்க

நம்மில் வாட்ச்மேன் இருக்கிறார், செக்யூரிட்டி இருக்கிறார், சூப்பர்வைசர் இருக்கிறார், வார்டன் இருக்கிறார். வடநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடு வாடகைக்கு விட்டு, அவர்கள் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்பவரும் இருக்கிறார். வீட்டில் மருமகளின் போனை வாங்கி வைப்பவரும் உண்டு. இவர்கள் எல்லோர் கையிலும் ஏதோ ஒரு சாவி இருக்கிறது. படுக்கப் போகுமுன் நாலு கேள்வி கேட்டுக்கொள்வோம்.

என் பொறுப்பில் இருப்பவர் கேட்ட தண்ணீரை நான் தாமதித்தேனா?

அவர் பூட்டப்பட்டிருப்பதால் எனக்குக் காசு வருகிறதா?

அவருக்கு ஏதாவது நேர்ந்தால் நான் பதில் சொல்லத் தயாரா?

மேலே சொல்ல வேண்டியதைக் கோட்டம் காவலரைப்போல் வாய் திறந்து சொன்னேனா?

பதியில் நாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுகிறோம். அங்கே தெரிவது நம் முகம். அய்யா நமக்குள் இருக்கிறார் என்று அது சொல்கிறது. அதே கண்ணாடியில் நம் இடுப்பில் தொங்கும் சாவியும் தெரியும். அந்தச் சாவியால் ஒருவரைக் காத்தோமா, அடைத்தோமா என்று பார்த்துவிட்டு நாமம் இடுவோம்.

அய்யா உண்டு!